லாரி எஞ்சினும் வெறுங்காலும்

பழைய லாரி எஞ்சினை வைத்து ஜெனரேட்டர் செய்து தர முடியுமா என்று யாராவது கேட்டு வந்தால், நான் முதலில் அவர்கள் காலைப் பார்ப்பேன். என்னடா இந்த ஆள், முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். செங்கத்தில் டீசல் ஒர்க்‌ஷாப் நடத்தியே என் தலை நரைத்துவிட்டது. இந்தப் பழக்கம் மட்டும் சமீபத்தில் வந்தது, ஜவ்வாது மலையில் ஒரு சாமை மில்லில்.

1. பஸ் ஏறி வந்த வேலை

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மலைக் கிராமம். காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் அந்தப் பக்கம் கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. காட்டு வழியாக வரும் லைன். எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மில்லை நடத்துகிற பெண்கள் குழுவின் தலைவி காளியம்மா பஸ் பிடித்து என் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, லாரி எஞ்சின்ல கரண்ட் எடுக்கலாம்ன்றாங்களே, நெசமாவா?"

"எடுக்கலாம்மா. ஆனா வாடகைக்கே ஜெனரேட்டர் கெடைக்குமே?"

"மலைக்குன்னா எவனும் வர மாட்டேன்றான்."

வழக்கமாக ஊர்க்காரர்கள் சாமையை உமியோடு வியாபாரியின் வேனில் ஏற்றிவிடுவார்கள். இந்தத் தடவை காளியம்மா வீடு வீடாகப் போய், வேனுக்குப் போட வேண்டாம், நம் மில்லிலேயே அரிசியாக்கி விற்கலாம் என்று பேசி மூட்டைகளைச் சேர்த்திருந்தார். இப்போது கரண்டும் இல்லை, மில் கூரையும் ஒழுகுகிறது. சந்தை நாளன்று வேன் மேலே வரும். அதற்குள் மில் ஓடாவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று ஊர் சொல்லிவிட்டது.

"அப்பறம் நான் இன்னா சொன்னாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மேஸ்திரி. மில்லு அதோட முடிஞ்சிது," என்றார்.

2. லாரிக்காரன் புத்தி

கவிழ்ந்து அடிச்சட்டம் முறுக்கிக்கொண்ட ஒரு லாரியின் ஆறு சிலிண்டர் எஞ்சின் என்னிடம் கிடந்தது. சுற்றினால் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர், ஒரு கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்டது.

இளையவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெனரேட்டருக்கு எஞ்சின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ஆர்.பி.எம். இருந்தால்தான் லைன் கரண்டுக்குரிய ஐம்பது சைக்கிள் வரும். லாரியின் டீசல் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் ஐடிலையும் மேக்சிமத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளும். நடுவில் டிரைவரின் கால்தான் கவர்னர். அப்படியே மில்லுக்குக் கொண்டுபோனால் மோட்டாரைப் போட்டதும் எஞ்சின் முக்கும், நிறுத்தினதும் எகிறும். ஆகவே போர்வெல் கம்ப்ரசரில் ஓடிய, ஒரே வேகத்தைப் பிடித்து வைக்கிற பம்பை மாட்டி டைமிங் வைத்தேன். கப்ளிங் போட்டு, டயல் கேஜில் அலைன்மென்ட் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே சேனல் ஃப்ரேமில் இறுக்கினேன். அதிர்வு தெரியாமல் இருக்க ஃப்ரேமுக்கு அடியில் பழைய டயரை வெட்டி வைத்தேன். அந்த டயர் துண்டில் எனக்குப் பெருமை வேறு.

வயரிங் என் கூட்டாளி சேகர். லாரிகளுக்கு வயரிங் செய்தே பிழைத்தவர். லாரியில் எல்லாமே பாடி எர்த். நெகட்டிவை பாடியில் முடுக்கினால் வேலை முடிந்தது. அதே கையோடு ஆல்டர்னேட்டரின் நியூட்ரலையும் எஞ்சின் பாடியில் முடுக்கினார்.

"எர்த் குடுத்தாச்சாப்பா?"

"பாடியில குடுத்துட்டேண்ணே."

எனக்கும் அது சரியாகவே பட்டது. டிராக்டர் டிப்பரில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தோம்.

3. பொட்டு

மில் கொட்டகை வாசலிலேயே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். தானியம் கிடக்கிற இடத்தில் செருப்புக் கால் படக்கூடாது. மழைக்குப் பயந்து எஞ்சினையும் உள்ளேயே ஒரு மூலையில் வைத்தோம். எங்களையும் கழற்றச் சொன்னார்கள். "ஸ்பேனர் வுழுந்தா வெரல் பூடும்," என்று சேகர் சண்டை பிடித்து, எங்கள் இருவருக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டார்.

சந்தைக்கு முந்தின நாள் காலை எஞ்சின் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. மோட்டார் சுவிட்சைப் போட்டேன். ஒரு முனகல், பிறகு சீராக ஓடியது. பெண்கள் கைதட்டினார்கள். நான் எஞ்சின் மேல் கை வைத்து அதிர்வு பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"இருங்க மேஸ்திரி, பொட்டு வெச்சிட்டு சாமைய கொட்டலாம்," என்று காளியம்மா குங்குமத்தோடு வந்தார். விரல் எஞ்சின் தலையிலிருக்கிற ராக்கர் கவரில் பட்டதுதான் தாமதம், அலறிக்கொண்டு பின்னால் போய் மூட்டைகள் மேல் விழுந்தார்.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன். அவருக்குக் கை மரத்துப்போயிருந்தது. நல்ல வேளையாகப் பேச்சு வந்தது.

மூட்டை போட்டிருந்த பெரியவர் ஒருவர், எஞ்சின் வந்த கதையைச் சேகரிடம் கேட்டிருந்தவர், "கவுந்த லாரி எஞ்சினு. யார் மேல யார் மேல ஏறிச்சோ. அது இங்க வேணாம்," என்று சொல்லித் தன் மூட்டையை வாசலுக்கு இழுத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் குனிந்தார்கள்.

"நானும் இத்த தொட்டேனே, எனக்கு ஒண்ணும் ஆவலியே!" என்றேன்.

காளியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே என் காலைப் பார்த்தார். "நீங்க செருப்பு போட்டுனு இருக்கீங்க மேஸ்திரி."

என் செருப்பு டயரில் தைத்தது. எஞ்சின் நின்றதும் டயர் மேல். அப்போதுதான் உறைத்தது.

4. குழி

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். கரண்ட் இல்லாத நாட்களில் எலி வயரைக் கடித்திருந்தது. ஒரு ஃபேஸ் வயர் மோட்டார் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் தரையில் போல்ட் போட்டு நிற்கிறது, ஆகவே அந்த ஃபேஸ் தரைக்கு வந்துவிட்டது. நியூட்ரல் எஞ்சின் பாடியில் இருக்கிறது. எஞ்சினோ டயர் மேல், மண்ணோடு சம்பந்தமே இல்லாமல். திரும்பிப் போக வழியில்லாததால் ஃபியூஸும் போகவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று எஞ்சினைத் தொடுகிறவர்தான் வழி. லாரியின் இருபத்து நாலு வோல்ட்டில் இது யாருக்கும் தெரியவே தெரியாது.

வயரை மாற்றினோம். கொட்டகைக்குப் பின்னால் எர்த்துக்குக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். எஞ்சின், ஆல்டர்னேட்டர், மோட்டார் மூன்றின் பாடியையும் அதில் இணைத்தோம். சேகர் ஜமுனாமரத்தூர் வரை போய், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற லீக்கேஜ் பிரேக்கர் தேடி வாங்கி வந்து மாட்டினார். மறுபடி ஓட்டி, எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் பிடித்தேன். எரியவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டினேன். ஒருவரும் உள்ளே வரவில்லை. பெரியவர் வாசலில் தன் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"லைட்டு எரியலன்றதெல்லாம் உங்க கணக்கு. செருப்ப கழட்டிட்டு தொடுங்க," என்றார் காளியம்மா.

கழற்றி வாசலில் விட்டேன். தரை சில்லென்று இருந்தது. டெஸ்ட் லேம்ப் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்ச தூரத்தை அடி அடியாகத்தான் நடந்தேன். கையை வைத்தேன். வெறும் அதிர்வுதான்.

காளியம்மா என் முகத்தைப் பார்த்தார். ஷாக் அடித்த அதே கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பெரியப்பா, எழுந்து மூட்டைய அவுருங்க," என்றார்.

மறுநாள் வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனதாகச் சேகர் சொன்னார். மில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினைச் செய்தவன் நிற்கிற மாதிரி நின்று சோதிக்காதே, அதை ஓட்டப்போகிறவர் நிற்கிற மாதிரி நின்று சோதி. லேம்ப் முதலில், கால் பிறகு.

அந்த மில்லுக்குச் சர்வீஸ் பார்க்க இப்போதும் போகிறேன். எங்கள் இருவருக்கும் கொடுத்த செருப்பு விலக்கை அவர்கள் இன்னும் ரத்து செய்யவில்லை. நாங்கள்தான் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.