முட்டை ட்ரேயில் முப்பத்தெட்டு பிளக்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் இன்பமேரியின் கடைக்கு மோட்டார் சைக்கிள் வருவதில்லை. சக்கரம் மட்டும்தான் வரும். கழற்றிய சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டோ, இன்னொரு வண்டியின் பின்னால் உட்கார்ந்து மடியில் பிடித்துக்கொண்டோ கொண்டுவருவார்கள். ஒடிந்த கம்பியை மாற்றி, கோட்டம் எடுத்து, சுற்றிவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். கணவர் சவரியாரின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கெட்டுப்போன சக்கரங்களைப் பிரித்துக் கட்டியே இதைக் கற்றுக்கொண்டார். இருபத்தாறு வருடம் ஆயிற்று.

தான் கட்டிய சக்கரம் எந்த வண்டியில், எப்படி ஓடுகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை. நான்கு வருடங்களுக்கு முன், பழைய காலத்து மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னார். “ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்கக்கா, பாத்துக்கலாம்” என்றார் அவர். அந்த ஞாயிறு பதினோரு வண்டிகள் வந்தன. அடுத்த வருடம் இருபது. பேனர் கிடையாது, மேடை கிடையாது, பரிசு கிடையாது. ஒரே ஒரு விதி: வண்டி தன் சக்கரத்தில் ஓடி வர வேண்டும். வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுவரக் கூடாது.

இந்த வருடம் முப்பத்தெட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக இடம் தரும் கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம். பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தனபால், “நம்ம பண்ணைக்கு வந்துருங்க. தீவன மில்லு முன்னால களம் சும்மாத்தான் கெடக்குது” என்றார். புதுச்சத்திரம் தாண்டி உள்ளே இருக்கிறது அவர் கோழிப்பண்ணை. இன்பமேரி நம்பி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை இடம் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, தனபால் தன் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று. பண்ணையை நடத்துவது அம்மா ராமாயிதான்.

“ஏண்டா தனபாலு, முப்பத்தெட்டு மோட்டார் வண்டியவா வரச்சொல்லியிருக்கற? கோழி இப்பத்தான் முட்டைக்கு வந்திருக்குது. படபடன்னு சத்தம் கேட்டா மெரண்டு ஓடில்லாத தோல்முட்டையாப் போடும். பழைய நெலைக்கு வர மாசமாகும்.”

“மெதுவாத்தாம்மா வருவாங்க.”

“மெதுவா வர்ற புல்லட்ட நீ காட்டு, நான் பாக்கறேன்.”

இன்பமேரி கேட்டிலிருந்து களம்வரை நடந்து எண்ணினார். முந்நூறு அடி வைத்தால் களம். திரும்பி வந்து, “கேட்டுலயே அணைச்சிட்டுத் தள்ளிட்டு வந்தா ஆகுங்களாம்மா?” என்று கேட்டார்.

“உள்ள வந்து எவனாச்சும் உதைச்சுப்போட்டா?”

“உதைச்சாலும் கெளம்பாத மாதிரி பண்ணிக்கறேங்க.”

ராமாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு சத்தம் கேட்டாலும் அத்தன பேரும் கெளம்பிரோணும், அம்முணி. அப்புறம் என்னைய வையக்கூடாது.”

அன்று மாலை இன்பமேரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்: கேட்டிலேயே வண்டியை அணைத்து, தள்ளிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். உடனே பதில் வந்தது, சந்திரசேகரிடமிருந்து. சேலத்தில் ஒரு வண்டி கிளப்பின் தலைவர் அவர்; பன்னிரண்டு பேரை அழைத்து வருகிறவர். “சத்தம் இல்லாம வண்டி ஷோவா? சரி, இந்த வருசம் போகட்டும். அடுத்த வருசத்துல இருந்து எங்க கிளப்பே மேடை, கோப்பையோட நடத்திக்கும். அக்கா வந்து சிறப்பு விருந்தினரா உக்காந்தாப் போதும்.” அதன் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. நாளைக்கு ஒரு வண்டி உறுமினால் போதும், இந்தக் கூட்டம் கையை விட்டுப் போய்விடும். இன்பமேரிக்கு அது தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை சர்ச்சில் முதல் பூசை முடித்து நேராகப் பண்ணைக்கு வந்தார். பண்ணைக் கேட்டில், கோழிகளுக்கு நோய் தொற்றாமல் இருக்க மருந்துத் தண்ணீர் தேக்கிய பள்ளம் உண்டு. உள்ளே வரும் எந்தச் சக்கரமும் அதில் நனையாமல் வர முடியாது. ஒரு வாரம் உட்கார்ந்து குரோமியம் தேய்த்தவர்கள் அதைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்கள். பள்ளத்துக்கு வெளிப்பக்கம் ஸ்டூல் போட்டு, பிளக் ஸ்பானரும் துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் இன்பமேரி. அருகில் இரண்டு முட்டை ட்ரே.

“வண்டிய அணைங்க. பிளக்கக் குடுத்துட்டு உள்ள போங்க.”

“என்னக்கா, கோயில்ல செருப்பு விடற மாதிரி!”

“ஆமாங்க. திரும்பி வர்றப்ப உங்களுது உங்களுக்கு.”

ஒவ்வொரு என்ஜினிலும் பொறி தரும் பிளக்கைக் கழற்றி, ட்ரேயின் குழிகளில் ஒன்றொன்றாக நிறுத்தினார். குழிக்கருகே வண்டி நம்பர். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்த என்ஜினின் பிளக் துணியையும் மீறிச் சுட்டது. இருபதாவதோ இருபத்தோராவதோ சந்திரசேகரின் புல்லட். மூன்று வருடம் செலவு செய்து புதுப்பித்தது. பெயின்ட்டில் முகம் தெரிந்தது. அந்தப் பிளக்கைக் கழற்றியபோது இன்பமேரி துணியைக் கீழே வைத்தார். வெறுங்கையில் பிடித்தார். ஜில்லென்று இருந்தது. முனை கடையில் வாங்கியபோது இருந்த அதே வெள்ளை.

“எங்கிருந்து ஓட்டிட்டு வாரீங்க?”

“சேலத்துல இருந்துதான்.” அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பின்னால் கிளப்காரர்கள் வரிசையில் நின்றார்கள். இன்பமேரி அந்தப் பிளக்கை ட்ரேயில் வைத்தார். “போங்க” என்றார்.

களத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சத்தம் இல்லாததால் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். தள்ளும்போதுதான் யார் வண்டி லேசாக உருளுகிறது, யாருடையதில் பிரேக் பிடித்து இழுக்கிறது என்று தெரிந்தது. சந்திரசேகரின் புல்லட்டை இரண்டு பேர் பின்னால் நின்று தள்ள வேண்டியிருந்தது. “ஏனுங்க தலைவரே, சக்கரம் இருக்குதுங்களா, இல்ல படத்துல வரைஞ்சதுங்களா?” என்று ஒருவர் கேட்க, அவர் சிரிக்கவில்லை.

எல்லாரும் வந்தபின் ட்ரேக்களைக் களத்து மேஜையில் வைத்தார் இன்பமேரி. கூட்டம் அங்கேயே மொய்த்தது. பிளக் முனையின் நிறத்தைப் பார்த்தால் என்ஜின் எப்படி எரிகிறது என்று தெரியும். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம், செங்கல் நிறம் என்றால் சரி. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் மெக்கானிக்காக இருக்கும் அருணகிரி, தன் ராஜ்தூத் வண்டியை விட்டுவிட்டு அங்கேயே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “இது கருப்பு மை. இவரு பெட்ரோல் பங்குக்கு மருமகனாட்ட இருக்குது.” சிரிப்பு. பிறகு அவர் விரல் ஓரத்துக் குழிக்குப் போயிற்று. “இது யாருதுங்க? கடையில இருந்து நேரா ட்ரேக்கு வந்தாப்புல இருக்குது?”

கூட்டத்தின் பின்வரிசையில் சந்திரசேகர் நின்றார். நம்பரைப் படிக்க ஒருவர் குனிந்தார். இன்பமேரி நம்பரின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்து, அந்தப் பிளக்கை எடுத்துத் தன் துணிப்பையில் போட்டுக்கொண்டார். “அத நான் பாத்துக்கறேன். அடுத்ததச் சொல்லுங்க அருணகிரிண்ணா.”

சாப்பாட்டு நேரத்தில் சந்திரசேகர் தனியாக வந்தார்.

“பஸ் ஸ்டாப் திருப்பம்வரைக்கும் லோடு வண்டியில கொண்டாந்தேங்கா. அங்கிருந்து அணைச்சிட்ட மாதிரி தள்ளிட்டு வந்தேன். மூணு வருசமா அது ரெண்டு செகண்டுக்கு மேல ஓடினதே இல்ல. எல்லார்கிட்டயும் ரெடின்னு சொல்லிட்டேன்.”

“ஏன், யார்கிட்டயும் காட்டலயா?”

“தலைவர் வண்டி ஓடலன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது?”

இன்பமேரி சோற்றைப் பிசைந்து முடித்தார். “சாப்புட்டு வாங்க. கேட்டுக்கு வெளிய பாப்போம். அருணகிரிண்ணாவும் வருவாரு. அவரு வாய் பெருசு, ஆனா கை சுத்தம்.”

கோழிகள் கொட்டகையில் எப்போதும்போலக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ராமாயி ஒரு முறை களத்துப் பக்கம் வந்து, முட்டை ட்ரேயை எட்டிப் பார்த்து, “இதெல்லாம் எப்பப் பொரியும் சாமி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு எல்லாரும் வண்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். தார் ரோட்டில், பண்ணையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, பிளக்குகள் திரும்ப மாட்டப்பட்டன. ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பிற்று. புல்லட் மட்டும் கிளம்பவில்லை. கிளப்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள், மறைக்க இடமில்லை. அருணகிரி பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். “பாயின்ட்டு சரியாத் தெறக்கறதே இல்ல. அப்புறம் பொறி எங்கிருந்து வரும்?” பையிலிருந்து மெல்லிய தகடு எடுத்து இடைவெளி வைத்தார். இன்பமேரி பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றி, பிரேக் கம்பியை நான்கு சுற்றுத் தளர்த்தினார். சக்கரம் வெகுநேரம் சுற்றிற்று.

ஏழாவது உதையில் என்ஜின் பிடித்தது. சந்திரசேகர் ஏறி உட்கார்ந்து நாமக்கல் ரோட்டில் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் முழுக்க வியர்வை. அணைக்காமலே கேட்டார்.

“அக்கா, இது வந்ததாக் கணக்குல சேந்துக்குமா?”

“இல்லீங்க” என்றார் இன்பமேரி. “இது இன்னிக்கி ஓடி வரல. திரும்பிப் போறப்ப மட்டுந்தான் ஓடிப் போகுது. அடுத்த வருசம் வரட்டும், சேத்துக்கறேன்.”

கிளப்காரர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

“அடுத்த வருசம் எந்த ஞாயிறு நடத்தறீங்கன்னு முன்னாடியே சொல்லிருங்கக்கா” என்றார் சந்திரசேகர். கியர் போட்டு, சேலத்துப் பக்கம் திருப்பினார்.