முற்றல் வெண்டைக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் வாரச் சந்தையில் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிற சத்தம். அவ்வளவு இரைச்சலில் அது எப்படி என் காதில் விழுந்தது என்று கேட்காதீர்கள். முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே பை பிடித்து நின்றவன் நான். திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஒரு பெண், ஒவ்வொரு காயாக எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தாள். "ஒடிச்சதையெல்லாம் நீதாம்மா எடுத்துக்கணும், பாத்துக்க" என்று கடைக்காரர் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயதான ஆள் வெண்டைக்காய்க் கடை முன்னால் நின்று அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்துக் கடையில் வெங்காயம் குவித்திருந்தார்கள். அதன் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

என் மனைவி வசந்தா காய் வாங்குகிற அழகை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் இப்போது தலத்தெரு வீட்டின் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், காலையில் பல் துலக்கப் போனவள் விழுந்துவிட்டாள். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் "ம்" மட்டும்தான் வருகிறது. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். இதே மாதிரி பதிலை நானும் சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க ஜனங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வேலையில் சேர்ந்து, கல்யாணமும் ஆன புதிதில், முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைத்தான் தனியாகச் சந்தைக்கு அனுப்பினாள். நான் புது மாப்பிள்ளை மிடுக்கில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். காயில் பெரிதாக இருப்பதுதான் நல்லது என்பது அப்போது என் கொள்கை. ஒரு சாண் நீளத்துக்கு வெண்டைக்காய் பொறுக்கி எடுத்தேன். "சார் நல்லா பாத்து எடுக்குறீங்க" என்று கடைக்காரர் வேறு சொல்லிவிட்டார். அந்தப் பாராட்டைப் பெடலுக்குப் பெடல் நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். வசந்தா தரையில் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தாள். அது ஒடியவில்லை, வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது.

"ஏங்க, இது சாம்பாருக்கு வாங்குனதா, வேலிக்கு வாங்குனதா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேக வச்சா சரியாயிடும்" என்றேன். அவள் வேக வைத்தாள். என் இலையில் மட்டும் போட்டாள். முழுசாக மென்று முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரத்திலிருந்து எனக்குப் பை பிடிக்கும் உத்தியோகம். சர்க்காரில் கிடைக்காத பதவி உயர்வு அதிலும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அவள் கண்ணால் காய் வாங்க மாட்டாள். சுரைக்காயில் கட்டை விரல் நகத்தை அழுத்துவாள். முருங்கைக்காயை ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குவாள். தலைஞாயிறு கத்திரிக்காய் வந்திருந்தால் உள்ளங்கையில் வைத்து ஏந்தி, "கனக்குது, உள்ள பூரா விதை" என்று திருப்பி வைப்பாள். கீரையில் மட்டும் ஓட்டை இருக்க வேண்டும். பூச்சி தின்றிருந்தால் மருந்து அடிக்கவில்லை என்று அர்த்தமாம். எல்லாம் முடிந்து கறிவேப்பிலையைக் கசக்கி முகர்ந்த விரலை என் மூக்கிலும் ஒரு தடவை வைப்பாள். நான் தலையாட்ட வேண்டும். அந்த வாசனைக்கு இப்போதும் என் தலை தானாக ஆடுகிறது.

வாசனை என்றதும் மாங்கனித் திருவிழா ஞாபகம் வருகிறது. சாமி புறப்பாட்டின்போது மாடியிலிருந்து ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே ஆயிரம் கை நீளும். ஒரு வருஷம் வசந்தாவின் கையில் ஒரு பழம் தானாக வந்து விழுந்தது. பிள்ளை வரம் கேட்டு அந்தப் பழத்துக்காகத் தவம் கிடக்கிறவர்கள் சுற்றிலும் நிற்கிறார்கள். இவள் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று பார்த்தால், காம்பை முகர்ந்து, "கல்லு வச்சுப் பழுக்க வச்சது" என்றாள். நான் கூட்டத்தில் அவளைத் தெரியாதவன் மாதிரி நின்றேன். பிறகு பக்கத்தில் நின்ற பெண் கேட்டதும் பழத்தை அவள் மடியில் போட்டு, "உனக்குக் கெடைக்கும் தாயி" என்று சொன்னதும் இவள்தான்.

சந்தையில் இவளுக்குச் சரியான ஜோடி நிரவியிலிருந்து வரும் தையல்நாயகி. சொந்தக் கொல்லையில் விளைந்ததைச் சாக்கில் பரப்பி உட்கார்ந்திருப்பார். ஏறக்குறைய வசந்தாவின் வயதுதான். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே சண்டை நடக்கும்.

"யம்மா வசந்தாம்மா, நீ வாங்க வந்தியா, ஒடிக்க வந்தியா? நுனி போன காய வேற யாரு வாங்குவா?"

"முத்தலக் கலந்து வச்சுகிட்டு பேச்சப் பாரு தையலு. இந்தா, வளையுது பாரு, நீயே பாரு."

"ஒன் வாயிக்கு ஒரு பூட்டு வாங்கித் தரச் சொல்லு சார்கிட்ட."

அத்தனை ஏசிக்கொண்ட பிறகு பேரப்பிள்ளை விஷயம், முழங்கால் வலி, கோயில் கொடியேற்றம் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். என் கையில் பை கனத்துக்கொண்டே இருக்கும். அடுத்த கடையிலும் வெண்டைக்காய் இருக்கிறதே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

வசந்தா விழுந்த பிறகு நான் தனியாகப் போன முதல் ஞாயிறு, "அம்மா எங்க சார்?" என்று தையல்நாயகி கேட்டார். "பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கு" என்று பொய் சொன்னேன். அடுத்த வாரமும் அதே பொய். மூன்றாவது வாரம், "என்ன சார், பொண்ணு வீட்டுல இத்தன நாளா? அந்தம்மா என்கிட்ட சொல்லாம போவாதே" என்றார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். பேச்சு வரவில்லை என்பதைச் சொல்லும்போது எனக்கே பேச்சு வரவில்லை.

தையல்நாயகி வெண்டைக்காய்க் குவியலைத் தன் பக்கம் இழுத்தார். ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தார். டக். அடுத்தது. டக். வளைந்ததைத் தூரப் போட்டார், ஒடிந்ததை என் பையில் போட்டார். வாங்க வந்த ஒருவர், "என்னங்க, நீங்களே ஒடிக்கிறீங்க?" என்று சிரித்தார். தையல்நாயகி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தையலே ஒடிச்சுக் குடுத்தாள்னு அம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து வசந்தாவின் மடியில் அவற்றைக் கொட்டி, தையல்நாயகி சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, நுனி போன இடத்தைத் தடவிப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். சமைக்க எடுக்கப் போனால் தரவில்லை. சாயங்காலம் வரை மடியிலேயே வைத்திருந்தாள்.

இந்த மழைக்காலத்துக்குப் பிறகு தையல்நாயகி வருவதில்லை. கொல்லையை மகன் மனைக்கட்டாகப் போட்டு விற்றுவிட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நிரவியில் எந்தத் தெரு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நானும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் வாளி விற்கிறார்கள். நான் கால் போன கடையில் கைக்கு வந்த காயை வாங்கி வருகிறேன். வசந்தா பையை எட்டிப் பார்க்கிறாள், தலையாட்டுகிறாள். நல்லதோ கெட்டதோ, எதற்கும் அதே தலையாட்டல். முன்பெல்லாம் அவள் திட்டாமல் ஒரு ஞாயிறு கழியாதா என்று ஏங்கியிருக்கிறேன். இப்போது எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் ஒடித்து எடுத்துக்கொண்டு போன பிறகு, கடைக்காரரிடம் போய், "முத்தலாப் பாத்துக் குடுங்க" என்றேன்.

"மாட்டுக்கா சார்?"

"வீட்டுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒதுக்கி வைத்திருந்ததிலிருந்து அள்ளிப் போட்டார். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். அரசலாற்றுப் பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவள் என்ன சொல்வாள் என்று நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வேலிக்கா என்பாள். மூளை இருக்கா என்பாள். முழுசாகச் சொல்ல வேண்டாம், பாதி வந்தால் போதும். பைத்தியக்காரத்தனம்தான். டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்.

அவள் முன்னால் பேப்பரை விரித்துக் கொட்டினேன். இடது கையால் ஒன்றை எடுத்தாள். நுனியைக் கட்டை விரலால் அழுத்தினாள். வளைந்தது. இன்னொன்று. வளைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை! உதடு அசைந்தது. நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"திட்டு வசந்தா. சும்மா திட்டு. வேலிக்குன்னு சொல்லு."

உதடு இன்னும் கொஞ்ச நேரம் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவள் அதை விட்டுவிட்டாள். காயைப் பேப்பரில் வைத்தாள். "ம்" என்று சொல்லி, என் கைமேல் தன் இடது கையை வைத்து இரண்டு முறை தட்டினாள். பரவாயில்லை என்கிற தட்டு. முப்பது வருஷத்தில் ஒரு முற்றல் வெண்டைக்காயைக்கூட அவள் பரவாயில்லை என்று விட்டதில்லை.

மத்தியானம் அதையே சாம்பாரில் போட்டேன். இந்த முறை அவள் தட்டிலும் போட்டேன். இரண்டு பேரும் மென்று, சக்கையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தோம்.