பச்சை பெயின்ட் அடித்த வைஸ்

அந்த வைஸின் மேல் அடித்திருந்த பச்சை பெயின்ட் இன்னும் காயவில்லை. தொட்டேன், விரலில் ஒட்டியது. மதிய ஷிப்டுக்கு வந்தவன் மெஷினுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். சில நாட்களுக்கு முன்புதான் அதே வைஸ், என்னோடு வேலை பார்த்த பாயின் வலது கையிலிருந்து இரண்டு விரல்களைக் கொண்டுபோயிருந்தது. ரத்தத்தைக் கழுவி, துருவைச் சுரண்டி, புதுசு போலப் பெயின்ட் அடித்து, பழைய இடத்திலேயே போல்ட் போட்டு முறுக்கி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அதில் வேலை பார்க்க வேண்டியவன் நான். எனக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த ஈரப் பச்சையை நினைத்தால் இன்றும் உடம்பு பற்றி எரிகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, முத்தாண்டிக்குப்பம் போகும் சாலையோரம் இருந்த ஒரு தனியார் பட்டறையில் பாயும் நானும் காண்ட்ராக்ட் ஆட்கள். அந்தப் பட்டறை இப்போது இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மில்லிங் மெஷின். காலையில் அவர், மதியம் நான். சுழலும் கட்டர் இரும்பைச் சீவும்போது துண்டு அசையக் கூடாது. அதை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்விப் பிடித்துக்கொள்வதுதான் வைஸ். நல்ல வைஸாக இருந்தால், இறுக்க இறுக்க நகரும் தாடை கீழ்நோக்கி அழுந்தும்; துண்டு அடியோடு படிந்து உட்காரும். எங்களுடையது தேய்ந்துபோனது. இறுக்கினால் தாடை மேலே எம்பும், கூடவே துண்டும் எம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்ன இடைவெளி போதும், கட்டர் துண்டைப் பிடுங்கி எறிவதற்கு. பட்டறையின் சொந்த ஆட்கள் ஓட்டிய பக்கத்து மெஷினில் நல்ல வைஸ் இருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கழித்துப் போட்டது.

பாய் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, அதைக் கழற்றிப் பத்திரமாக மாட்டிவிட்டுத்தான் எண்ணெய் படிந்த பனியனைப் போட்டுக்கொள்வார். ஷிப்டு முடிந்து கிளம்பும்போது அத்தர் மணக்கும். ஆனால் வாய் சும்மா இருக்காது. டீ ஆறியிருந்தால் சண்டை, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் சண்டை, கட்சி பேசினால் நிச்சயமாகச் சண்டை. அவரை எல்லோருக்கும் பிடிக்கும், அவருடைய சண்டையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வைஸுக்காக அவர் போட்ட சண்டையும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துபோனதுதான் கொடுமை.

"மொதலாளி, தாடை எம்புதுங்க. எத்தினி தபா சொல்லிக்கினு இருக்கேன். வேற வைஸ் குடுங்க" என்று என் முன்னாலேயே கேட்டிருக்கிறார்.

முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காண்ட்ராக்ட் ஆளுதானே பாய் நீ? இருக்கிற வரைக்கும் இருக்கிறத வெச்சு ஓட்டு."

காண்ட்ராக்ட் ஆளுதானே. ஒரு மனிதனின் கை எவ்வளவு பெறும் என்பதை அந்தத் 'தானே' முடிவு செய்துவிட்டது.

அது நடந்தது ஷிப்டு மாறும் நேரத்தில். நான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தேன். பாய் பிரஷ்ஷால் கட்டருக்கு எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். துண்டு எம்பியது, கட்டர் அதைச் சுழற்றியடித்தது, அந்த அடியில் அவர் கை உள்ளே போனது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், என் தோள் துண்டைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, நீ அந்த வைஸ்ல கை வெக்காத."

அடுத்த நாள் முதலாளி எல்லோரையும் கூட்டி, கவனக்குறைவு என்றார். "பேசிக்கினே ஓட்டுனா இப்டித்தான்." நான் கண்ணால் பார்த்தவன். வைஸ்தான் காரணம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "உனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?" என்று திருப்பிக் கேட்டார். விரலை இழந்தவனுக்குக் கவனம் இல்லையாம். மாதக்கணக்கில் காதில் விழுந்ததைக் கேட்காதவருக்கு மட்டும் கவனம் இருந்ததாம்!

அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சை பெயின்ட். நான் சுவிட்சைப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முதலாளி வந்தார். "அதான் புதுசாட்டம் பண்ணி வெச்சிருக்கேனே, இன்னும் இன்னா?" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் பாய் வந்து நின்றார். கையில் பெரிய கட்டு. ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிக் கேட்க வந்தவர், வைஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூலையில் கிடந்த சம்மட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு வந்தார். முதல் அடி வழுக்கியது. அடுத்ததில் தாடையில் கீறல் விழுந்தது. வார்ப்பிரும்பு அல்லவா, அதற்கடுத்த அடியில் பிளந்துகொண்டு விழுந்தது. பச்சைக்கு உள்ளே சாம்பல் நிறமாக, மண்ணைப் போல இருந்தது.

"போலீசைக் கூப்புடுறேன்" என்று முதலாளி அலறினார். அப்போது பக்கத்து மெஷின்காரர், பட்டறையின் சொந்த ஆள், தன் சுவிட்சை அணைத்தார். அவரைப் பார்த்து லேத்தில் இருந்தவர் அணைத்தார். ஒவ்வொன்றாக நின்று, பட்டறையே ஓசை அடங்கிப்போனது. "கூப்புடுங்க. நாங்கதான் ஒடைச்சோம்" என்றார் அந்தப் பக்கத்து மெஷின்காரர். முதலாளி யாரையும் கூப்பிடவில்லை. போலீஸ் வந்தால் வைஸை விட்டுவிட்டு விரல்களைப் பற்றித்தானே முதலில் கேட்டிருக்கும்.

சீக்கிரமே புது வைஸ் வந்தது. பாய்க்கு வேலை திரும்ப வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவோடு கை கழுவிவிட்டார்கள். அவர் பண்ருட்டியில் மச்சானின் செருப்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்து, பின்னால் அதையே எடுத்து நடத்தினார். எனக்குச் சில வருடங்களில் வேறிடத்தில் பர்மனென்ட் வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ரிட்டையர் ஆகி, இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீடு. கார் ஷெட்டில் காருக்குப் பதிலாக ஒரு சிறிய மில்லிங் மெஷின் நிற்கிறது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரத்தை, மேசை மேல் நின்று சுற்றும் அளவுக்குச் செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்கு ஒரு வைஸ் வேண்டியிருந்தது. பாய்க்கு போன் செய்தேன்.

"செருப்பு விக்கிறவன்தான் கெடைச்சானா உனக்கு?" என்று சண்டை பிடித்துவிட்டு, மறுநாளே பஸ் ஏறி, வைஸ் விற்கும் கடை இருந்த கடலூருக்கு வந்துவிட்டார்.

கடைக்காரருக்கு என் மகன் வயது இருக்கும். பளபளவென்று நீலப் பெயின்ட் அடித்த பெரிய வைஸ் ஒன்றைத் தூக்கி வைத்தார். பாய் முதலில் அதன் உயரத்தைக் காட்டினார். என் சின்ன மெஷினில் இதை ஏற்றினால் கட்டருக்குக் கீழே துண்டு வைக்க இடமே இருக்காது. பிறகு ஒரு இரும்புத் துண்டை அதில் வைத்து இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். அவர் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். துண்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

"வூட்டு யூஸுக்குத்தானே சார், இது போதும்" என்றார் கடைக்காரர். "கம்பெனிக்கு வேற பீஸ் வெச்சிருக்கேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் வாய் திறப்பதற்குள் பாய் தன் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். "வூட்ல வேலை செய்றவனுக்கு மட்டும் வெரலு திரும்ப மொளைக்குமா தம்பி?"

கடைக்காரர் உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். சிறியது, தாழ்வானது. இறுக்கும்போது தாடை கீழே அழுந்தியது. அதையே எடுத்துக்கொண்டேன். நீலத்தை அவர் மறுபடி அலமாரியில் ஏற்றினார். நான் கிளம்பத் திரும்பினேன், பாய் நகரவில்லை.

"அத யாருக்கு விப்ப?"

"உங்களுக்குத்தான் நல்லது கெடைச்சிருச்சே பெரியவரே, அப்புறம் இன்னா?"

பாய் பையைத் துழாவி, செருப்பு டப்பாக்களில் சைஸ் எழுதும் தடித்த மார்க்கரை எடுத்தார். அலமாரிக்குப் போய், அந்த நீலத்தின் மேல் இடது கையால் எழுதினார்: 'மில்லிங்குக்கு ஆகாது.' கடைக்காரர் தடுக்கவில்லை. "அடுத்த வாரம் வருவேன்" என்றார் பாய்.

அடுத்த வாரம் இருவரும் போனோம். எழுதியதை அழித்திருந்தார்கள். பாய் மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.