இடிக்கு முன்னால் இறக்கிய சுவிட்ச்

பள்ளிக்கூடச் சுவரில், ரேடியோவுக்குப் பக்கத்தில், மரக்கைப்பிடி போட்ட ஒரு செம்புச் சுவிட்ச் இருந்தது. மேலே தூக்கினால் கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பி ரேடியோவோடு சேரும். கீழே இறக்கினால் மண்ணில் புதைத்த கம்பியோடு சேர்ந்து, மின்னல் கொண்டுவரும் மின்சாரத்தைத் தரைக்குள் அனுப்பிவிடும். இன்று இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். போனால் ஒரு டிவிதான். அன்று மண்டபம் ஊரை அடுத்த அந்தக் கடற்கரை ஊருக்குப் புயல் செய்தி வரும் வழியே அந்தப் பாட்டரி ரேடியோதான். பக்கத்து ஊர் ரேடியோ இடியில் கருகிப்போயிருந்தது. அதனால் எங்கள் பள்ளி ரேடியோவைக் கவனித்துக்கொண்ட பெரிய டீச்சருக்கு வானம் இருண்டாலே முகம் வெளிறிவிடும். அவருக்குக் கீழே நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். வானிலைச் செய்திக்கு நேரம் நெருங்கும்போது இடி உருண்டது. செய்தி கேட்டுவிட்டுக் கடலுக்குப் போக ஆண்கள் வாசலில் நின்றார்கள். டீச்சர் சுவிட்சை இறக்கிவிட்டார்.

"ஏம்புள்ள, சேதி கேக்க வேணாமா?" என்று சத்தம் போட்டவர் அவருடைய கணவர்.

"ரேடியோ எரிஞ்சுட்டா இனிமே எந்தச் சேதியும் இல்ல. இடி ஓயட்டும், அதுவரைக்கும் போகாதீக."

"இதுக்கெல்லாம் பயந்தா அடுப்பு எரியுமா? நான் போறேன்."

மற்றவர்கள் தயங்கி நிற்க, அவர் வள்ளம் மட்டும் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்குப் பின்னாலிருந்த பனையில் இடி விழுந்தது. சுவிட்சில் நீலப் பொறி தெறித்தது. கருகல் வாடை அறையை நிறைத்தது. இடி ஓயும்வரை ரேடியோ பிழைத்ததா என்று தெரிய வழியில்லை.

இடி மேற்கே நகர்ந்ததும் டீச்சர் சுவிட்சைத் தூக்கினார். முதலில் இரைச்சல். பிறகு குரல்: புயல் வருகிறது, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

வாசலில் நின்றவர்கள் வள்ளங்களை மேலே இழுக்க ஓடினார்கள். டீச்சர் கோவிலுக்கு ஓடி, மணிக்கயிற்றைப் பிடித்துக் கடலுக்குக் கேட்கும்படி விடாமல் அடித்தார். கயிற்றை வேறு யாரையும் தொட விடவில்லை. காற்று ஏறிக்கொண்டே வந்தது. நான் மணிக்கும் கரைக்குமாக அலைந்தேன். கடலில் ஒன்றும் தெரியவில்லை.

விளக்கேற்றும் வேளையில், கிழிந்த பாயோடு அந்த வள்ளம் அலையில் ஏறி இறங்கித் தெரிந்தது. நான் கத்திய பிறகுதான் டீச்சர் கயிற்றை விட்டார்.

அவர் கணவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்தார். "மணிச் சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன், புள்ள."

டீச்சர் கயிற்றில் தோலுரிந்த கைகளால் அவர் நெஞ்சில் அடித்தார், அடித்துக்கொண்டே அழுதார். அவர் அப்படியே நின்று அடிவாங்கினார்.