நான் உட்கார்ந்தால் ஓடிய குவெரி

அந்த வருடங்களில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் என்றாலே அமெரிக்கா என்று நினைத்தவர்களிடம், திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் தகரத்தை வளைத்து வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், லாரிக்குச் சரக்குப் பட்டியல் அடிக்கும் புரோகிராமுக்குக் காவல் இருக்கிறேன் என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் புரோகிராமை எழுதியவர் நிஜமாகவே அமெரிக்கா போய்விட்டார். அவர் விட்டுப்போனதைக் கட்டிக்கொண்டு அழுதது நான்.

வீடு இரும்புலியூரில். நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குழறலாகக் கொஞ்சம் பேச்சு மிச்சம் இருந்தது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள பொத்தேரியிலிருந்து ஓர் அக்கா வருவார். ஆறரைக்கு அவருக்கு பஸ். நான் ஐந்து மணிக்குக் கம்பெனி வேனைப் பிடித்துப் பல்லாவரம் வந்து, ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கினால், அவர் கிளம்புவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். வேனை விட்டால் போச்சு. அக்கா அப்பாவுக்கு ஊட்டி, மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்து, வெளியே பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். எழுந்து நடக்க முடியாத மனிதர் பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கிடப்பார். நான் பஸ்ஸுக்கு நின்று, கூட்டத்தில் நசுங்கி வந்து சேரும்போது தூங்கிப்போயிருப்பார். அந்த வருடம் பெரும்பாலும் நான் பார்த்தது தூங்கும் அப்பாவைத்தான்.

எல்லாம் அந்தப் புரோகிராமில் இருந்த ஒரு குவெரியால்.

ஒரு லாரியில் ஏற வேண்டிய உருப்படிகளைப் புரோகிராம் முதலில் ஒரு தற்காலிக டேபிளில், அப்போதைக்கான ஓர் அட்டவணையில், எழுதிக்கொள்ளும். பிறகு குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, அதை ஸ்டாக் கணக்கோடு ஒப்பிடும்; பட்டியல் அச்சாகும். பட்டியல் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்கமாட்டார். காலையில் பட்டியல் சடசடவென்று வரும். மத்தியானம் யோசித்து யோசித்து வரும். சாயங்காலம் கடைசி லாரிக்கு வரவே வராது. கேட்டில் டிரைவர் ஹாரன் அடிப்பார். சரியாக நான் பையைத் தோளில் மாட்டும் நேரத்துக்கு, சரக்கை ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்சிலிருந்து போன் வரும்.

"மேடம், இன்னான்னே தெரில, சுத்திகினே கீது. ஒரே பேஜாரா போச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

பேசுவது டெஸ்பாட்ச் கிளார்க். அந்த ஊர்க்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அண்ணா என்று கூப்பிடுவேன். தங்கமான மனிதர். அவருடைய மரியாதைதான் என் உயிரை வாங்கியது. நான் வாசலில் தலையைக் காட்டியதும் துள்ளி எழுந்துவிடுவார். தன் வேலையை மூடி, தன் பெயரில் இருந்த லாகினிலிருந்து ஒழுங்காக வெளியே வந்து, துண்டால் நாற்காலியைத் துடைத்து, "உக்காருங்க மேடம்" என்பார். நான் உட்கார்ந்து என் பெயரில் உள்ளே போய், அதே லாரிக்கு அதே பட்டியலைக் கேட்பேன். மூச்சு விடுவதற்குள் பிரிண்டர் அடிக்கத் தொடங்கிவிடும்.

"பாத்தீங்களா சார்! மேடம் கை வெச்சாதான் அது அடங்குது. கைராசி!" என்று மேனேஜரிடம் சொல்வார்.

மேனேஜர் படித்தவர், இன்ஜினியர். அவரும் அதை நம்பினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு லாரி போக வேண்டும். "கடைசி வண்டி கிளம்புற வரைக்கும் நீங்க இருங்களேன் மேடம்" என்று ஒரு நாள் சொன்னார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. என் கைராசி என் வேனைத் தின்றது.

நான் சும்மா இருக்கவில்லை. குவெரியைப் பிரித்து மேய்ந்தேன். தேடலை வேகமாக்க இண்டெக்ஸ் போட்டேன், எடுத்தேன், வரிகளை மாற்றி எழுதினேன். என் இருக்கையில் எப்படி எழுதினாலும் ஓடியது. ஓடாத இடத்துக்கு நான் போனால் அங்கேயும் ஓடியது. தற்காலிக டேபிளைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். அது அப்படித்தான் இருக்கும். டேபிளுக்குப் பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் அது தனி. கல்யாணப் பந்தியில் இலை மாதிரி. என் இலையில் விழுந்தது பக்கத்து இலையில் இருக்காது, ஆள் எழுந்தால் இலையை எடுத்துவிடுவார்கள். லாரிக்கு லாரி புரோகிராமே பழசைத் துடைத்துவிடுகிறது என்றுதான் கம்பெனியில் எல்லோரும் நினைத்திருந்தோம். அச்சாகி வரும் பட்டியலும் சரியாகத்தான் இருந்தது. சந்தேகப்பட யாருக்கும் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் நான் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தபோது அப்பா தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து விழுந்து, அறை வாசல் வரைக்கும் இடது கையாலேயே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. முழித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்து, தப்பு செய்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அதே போன் வந்தது. போனேன். அவர் வழக்கம்போலத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுந்திருக்காதீங்கண்ணா! உட்காருங்க. எதையும் மூடாதீங்க."

"ஐயோ, நீங்க நின்னுகினு நான் குந்திகினு இருந்தா நல்லாவா கீது மேடம்?"

"நல்லா இல்லைன்னா பரவாயில்லை. உட்காருங்க."

பாதி நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல நெளிந்தார். நான் பின்னால் நின்றபடி சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அவருடைய லாகினில், அவருடைய தற்காலிக டேபிளில், எத்தனை வரி இருக்கிறது என்று கேட்டோம். ஒரு லாரிச் சரக்கு இருக்க வேண்டிய இடத்தில், காலையில் முதல் வண்டியிலிருந்து அன்றைக்குப் போன அத்தனை வண்டிச் சரக்கும் குவிந்து கிடந்தது. துடைக்கும் வரியே புரோகிராமில் இல்லை. லாரி எண்ணைப் பார்த்து அடித்ததால் பழசு பட்டியலில் மட்டும் வரவில்லை. போதாததற்கு, அந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று டேட்டாபேஸுக்குக் கணக்கே கிடையாது. காலி என்று நினைத்துக்கொண்டு, ஸ்டாக்கில் ஒவ்வொரு உருப்படிக்கும் அந்தக் குவியலை மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் நான் வந்தவுடன் அந்த மனிதர் மரியாதையாக எழுந்து லாகினை மூடினார். குவியல் அந்த நிமிடமே மறைந்தது. சுத்தமான இடத்தில் நான் உட்கார்ந்து, என்னதான் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அங்கேயே தரையில் படுத்துக்கொள்ளலாமா என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஒவ்வொரு லாரிக்கும் முன்னால் டேபிளைத் துடைக்கும் வரியைச் சேர்த்தேன். அதற்கு ஓர் இண்டெக்ஸ் போட்டு, அதை வைத்தே தேடச் சொல்லிக் குவெரியிலேயே எழுதிவிட்டேன். அன்றைக்குப் போன் வரவில்லை. நானே டெஸ்பாட்ச் ஜன்னலில் எட்டிப்பார்த்தேன். கடைசி லாரி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"நீங்க தொடவேயில்லியே மேடம், எப்டி வந்துச்சு?" என்றார் அவர். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

பதில் சொல்ல நேரமில்லை. வேனுக்கு ஓடினேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலில் வெயில் இருந்தது. அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழித்திருந்தார். அக்கா தட்டில் இரண்டு இட்லி வைத்துக்கொண்டு அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டை வாங்கிக்கொண்டு அவரைக் கிளம்பச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

அவர் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரைவேட் கம்பெனியைக் கடைசிவரை அவர் நம்பவில்லை.

"வேலை… போயிடுச்சா?" என்றார்.

"இல்லப்பா. இன்னிக்கு சீக்கிரம் முடிஞ்சுது. இனிமே தினமும் இப்படித்தான் வருவேன்."

தினமும் என்றதும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் பதறிப்போய் டேபிள், லாரி, துடைக்காத குவியல் என்று அவருக்குக் குவெரியை விளக்கத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். சமாதானத்துக்குப் பொய் சொல்லும் குழந்தையிடம் தலையாட்டுவது போலத் தலையாட்டினார். முதல் இட்லியை வாங்கிக்கொண்டார். இரண்டாவதைப் பிட்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கையால் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே எனக்கு ஒண்ணு போதும்," என்றார். "நீ சாப்பிடு."

அடுத்த நாளும் நான் வெயிலோடு வந்தேன். அன்றைக்கும் அவர் ஒன்றுதான் சாப்பிட்டார்.