மூன்று நாள் ஞாபகம்

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருப்பது பள்ளத்தில். போனில் சிக்னல் எடுக்காது. பத்துக் காம்பரா வீடுகளுக்கும் இணையம் வருவது தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் கணபதியின் கூரையில் கட்டிய ஏரியலிலிருந்துதான். மழை பெய்தால் அதுவும் இழுத்து இழுத்துத்தான் வரும். அதற்காகவே அவர் சின்னக் கணினி ஒன்றை வாங்கி டி.என்.எஸ். பெட்டியாக்கினார். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண் முகவரியை வெளியே கேட்டு வரவேண்டும். ஒருமுறை கேட்டதைப் பெட்டி ஞாபகம் வைத்திருந்து உடனே சொல்லிவிடும். ஒரு மணி நேரம் வைத்தால் போதும் என்று தளத்துக்காரர்கள் சொன்னாலும் கணபதி மூன்று நாளுக்குப் பிடித்து வைத்தார். நாங்களும் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். மனிதர் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

அடுத்த காம்பரா ஜெயந்தினிக்குத் தாதியர் கல்லூரியில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இதுதான் கடைசி வருடம். அதற்குமேல் வயது தாண்டிவிடும். புதன்கிழமை படிவத்தைத் திறந்து பார்த்து வைத்தாள். வெள்ளி மாலை நான்கு மணிக்கு முடிவு. வெள்ளி காலையிலிருந்து எத்தனை முறை திறந்தாலும் ‘திருத்த வேலை நடக்கிறது, பிறகு வாருங்கள்’ என்றே வந்தது. பதுளைக்குப் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்தவளைக் கணபதிதான் மறித்தார்.

“இந்த மழையில எதுக்கும்மா பஸ் ஏறுற? அங்க போனாலும் இதேதான் வரும். கோளாறு அவங்க பக்கம்.”

குடையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நாலரைக்குப் பதுளையிலிருந்து அவள் சிநேகிதி தயானி இணையம் வழியாகப் பேசினாள். காலையிலேயே போட்டுவிட்டாளாம், ஒரு சிக்கலும் இல்லையாம். கணபதியின் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார். வியாழக்கிழமை கல்லூரி தன் தளத்தை வேறு இயந்திரத்துக்கு மாற்றியிருந்தது. பெட்டி புதன்கிழமை முகவரியையே சொல்லிக்கொண்டிருந்தது; அந்தப் பழைய இடத்தில் திருத்த வேலை அறிவிப்பு மட்டும்தான் மிச்சம். ஒரு வரி தட்டி அந்த ஞாபகத்தை அழித்தார். பக்கம் உடனே திறந்தது: ‘விண்ணப்பக் காலம் முடிவடைந்துவிட்டது.’

மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சிக்னல் எடுக்கும் மேட்டுக்கு ஏறிப்போய்க் கல்லூரிக்குப் போன் போட்டார். அலுவலகம் பூட்டியிருக்கும், யார் எடுப்பது? எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. ஜெயந்தினியின் தாய் கொழுந்தெடுத்துவிட்டு நனைந்து வந்து வாசலில் நின்றாள். அவள் முன்னாலேயே கணபதி உண்மையைச் சொல்லிவிட்டார்: பிழை கல்லூரியில் இல்லை, தன் வீட்டில்.

ஜெயந்தினி சத்தம் போடவில்லை.

“நீங்க சொன்னீங்கன்னுதானே மாமா போகாம இருந்தேன்.”