பிரின்டருக்காகக் கேட்ட துஆ

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று பிறந்த வீட்டில் சொல்வார்கள். அது அபாண்டம். தேவைப்படும்போதுதான் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிரின்டர் வந்த பிறகு அடிக்கடி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மாத்தளை மாவட்டத்து நாவுலயில் எங்கள் குசினியில் நான் கறித்தூள் வறுத்து அரைத்து விற்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சாதாரணப் பையில் கட்டிக் கொடுத்தால் போதும், மணம் பிடித்தே வாங்கிப்போவார்கள். ஆனால் எனக்கு ஆசை அதோடு அடங்கவில்லை. நாலந்தாவில் மெயின் ரோட்டுப் பக்கம், தம்புள்ளைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. ஒரு நாள் துணிந்து என் தூளைக் கொண்டுபோய் அந்த முதலாளியிடம் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்தார், தும்மினார், நல்ல தூள் என்று சிங்களத்தில் சொன்னார். பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் கூட்டம் வரும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் கடையின் முன் அடுக்குத் தட்டில் வைக்கிறேன், ஆனால் ஒவ்வொரு பக்கெட்டிலும் பெயரும் நிறையும் அரைத்த தேதியும் அச்சடித்து ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தட்டு வேறு ஆளுக்கு என்றார்.

அந்தத் தட்டு எனக்கு வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் இவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை.

மாமிக்கு, அதாவது என் கணவரின் உம்மாவுக்கு, இதில் இஷ்டமில்லை. கடைக்குத் தூள் விற்கிற அளவுக்கு நம் வீட்டில் என்ன குறை என்று என்னிடம் கேட்கவில்லை. பூனையிடம் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

போட்டோகொப்பி அடிக்கும் கொமினிகேஷன் கடைக்காரர் ஸ்டிக்கர் தாள் மெஷினில் சிக்கும் என்று கையை விரித்துவிட்டார். நான் லேபல் செய்வது போனில். ஆகவே வயர் இல்லாத பிரின்டர் ஒன்றை மாத்தளையில் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதல் வேலையாக, படுக்கையறையில் கிடந்த ரவுட்டரைக் கழற்றிக்கொண்டுபோய் ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்தார். நடு வீட்டில் இருந்தால் எல்லா அறைக்கும் சிக்னல் சமமாகப் போகுமாம். அன்று ஒரு தாள் அடித்துப் பார்த்தோம், ஜோராக வந்தது. நானும் அதைத் தடவிக் கொடுத்தேன்.

மறுநாள் அது எங்களை யாரென்றே தெரியாது என்றுவிட்டது. போனில் தேடினால் பிரின்டர் இல்லை என்று வரும். அதுவோ என் மேசைமேல், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து, நீல விளக்கு சிமிட்டும்வரை காத்திருந்து, பாஸ்வேர்டைத் திரும்ப அடித்துச் சேர்த்தால் சேரும். சேர்த்துவிட்டு நிம்மதியாகச் சமைத்து, தொழுதுவிட்டு வந்து பார்த்தால் திரும்பவும் ஒரஞ்சு விளக்கு. அந்த ஒரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிந்தது. அதே நிறம் என்பதால் தோடம்பழம் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

என் கணவர் வைத்தியம் தொடங்கினார். சுவர் தடிப்பு என்று பிரின்டரைக் கதிரைமேல் வைத்தார். தகரக் கூரையின் சூடு என்று தரைக்கு இறக்கினார். பிறகு கதவடியில் வைத்தார், நானே அதில் தடுக்கி விழுந்தேன். மாத்தளைக் கடைக்குப் போன் பண்ணினால், அந்தத் தம்பி சிங்களத்தில் மிக மரியாதையாக, எல்லாவற்றையும் ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கள் என்றார். பண்ணினோம், சேர்ந்தது. சாயங்காலம் போய்விட்டது.

கடைசியில் கணவர் ஒரு புதுக் கண்டுபிடிப்போடு வந்தார்.

"பாங்கு சொன்ன பொறகுதான் இது போகுது, கவனிச்சீங்களா? பள்ளிவாசல் ஸ்பீக்கர்தான் இழுக்குது."

எனக்கு வந்ததே சிரிப்பு. அப்படியானால் போய் மோதினாரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் மெதுவாகப் பாங்கு சொல்லட்டும், என் பிரின்டருக்குக் காது வலிக்கிறதாம் என்றேன். அந்த மனுஷன் உண்மையாகவே போய்க் கேட்டுவிட்டார். மோதினார் பாவம், தன் சத்தத்தில் ஏதோ பிழை என்று நினைத்து அன்று அந்தி மஃரிபுக்கு இருமி இருமிப் பாங்கு சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. அரைத்த தேதி லேபலில் வர வேண்டும் என்பதால் முன்கூட்டியே அடித்து வைக்க வழியில்லை. காலையிலேயே பிரின்டரைச் சேர்த்துவிட்டு, மல்லியும் சீரகமும் கறுவாவும் வறுத்து, அரைத்து, ஆறவிட்டு, பக்கெட் பண்ணி முடித்தபோது மதிய ளுஹர் தொழுகை முடிந்திருந்தது. போனை எடுத்து லேபலை அனுப்பினேன். சத்தமில்லை. திரும்ப அனுப்பினேன். கோபத்தில் எத்தனை தடவை அந்தப் பட்டனைக் குத்தினேனோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எல்லாம் யானை வாயில் போன கரும்புபோலப் போய்விட்டது. மேசைநிறையப் பக்கெட்டுகள், ஒன்றுக்கும் பெயரில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெண்களுக்கு மாதத்தில் தொழுகை விலக்கான நாட்கள் சில உண்டு. எனக்கு அன்றுதான் தொடங்கியிருந்தது. ஆகவே பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொன்னபோது, பிரின்டர் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நான் தொழுகைப் பாயான முசல்லாவை விரிக்கப் போகாமல் ஹோலில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரும் போராட்டத்துக்குப் பிறகு அந்த நிமிஷம்தான் பிரின்டர் சேர்ந்திருந்தது. அறைக்குள் தாளை இழுக்கும் சத்தம் கேட்டது.

மாமி டீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். பாங்குச் சத்தம் கேட்டதும் எழுந்தார். மாமி ரிமோட்டை நம்பமாட்டார். ரிமோட்டில் அணைத்தால் அந்தச் சிவப்புக் கண் திறந்தபடிதானே இருக்கிறது, அது முழு அணைப்பு இல்லை என்பது அவர் கட்சி. சுவரடிக்குப் போனார், பிளக் சுவிட்சை டக்கென்று தட்டினார், தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனார்.

டீவி அணைந்தது. பக்கத்தில், அதே பிளக்கில் இருந்த ரவுட்டரின் பச்சை விளக்குகளும் வரிசையாகச் செத்தன. அறைக்குள் பிரின்டர் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் ஒவ்வொரு பாங்குக்கும் இதுதான் நடந்திருக்கிறது. அந்த நேரம் வீட்டில் எல்லோரும் தொழுகையில். முடித்து வருவதற்குள் மாமி நாடகத்தை விட்ட இடத்தில் பிடிக்கத் திரும்பவும் சுவிட்சைப் போட்டுவிடுவார். போனில் நெட் வந்துவிடும், பிரின்டருக்கு மட்டும் பழைய வழி மறந்துபோகும். ரவுட்டர் அணைந்ததை ஒருவரும் கண்ணால் காணவில்லை. கணவரின் பாங்கு ஆராய்ச்சி முக்கால்வாசி சரி. அதை அவரிடம் இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இரத்தம் தலைக்கு ஏறியது. தொழுது முடிக்கட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மாமியின் அறை வாசலில் போய் நின்றேன். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆகவே அவர் அல்லாஹ்விடம் இரகசியமாகக் கேட்கும் துஆ அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

"யா அல்லாஹ், எண்ட மருமகள்ட மெஷின சரியாக்கிக் குடு. அவ அடுப்படியில வெந்து சாகுறா. அந்தக் கடைக்கார மனுஷன்ட மனசுல அவட தூளுக்கு ஒரு எடத்தப் போடு. அவ ஆசப்பட்டுட்டா, அத நீ ஒடைச்சிராத."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதென்றால் இதுதான். ஆனாலும் பூனையிடம் என்னைப் பற்றிக் குறை சொன்ன அதே வாய்தான் இதைக் கேட்டது. கட்டிக்கொண்டு வந்த சண்டை அத்தனையும் வாசலிலேயே கரைந்துபோனது.

சத்தமில்லாமல் திரும்பி வந்து ரவுட்டரைக் கழற்றினேன். சாப்பாட்டு அறையில் பிரிஜ்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கில் போட்டேன். உள்ளே இறைச்சி இருக்கும்வரை எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துச் சுவிட்சுகளில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். பிரின்டரைத் திரும்பச் சேர்த்தேன். நீல விளக்கு வந்தது. லேபல் வந்தது. பிறகு இன்னொரு லேபல் தாள் வந்தது. பிறகு ளுஹருக்குப் பிறகு நான் கோபத்தில் குத்தியதெல்லாம் ஒன்றுவிடாமல் வரத் தொடங்கியது. ஸ்டிக்கர் கட்டு முடிந்தபிறகுதான் அது ஓய்ந்தது.

மாமி ஓடி வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "நான் கேட்டேன், பாத்தீங்களா மகள்?" என்றார். பார்த்தேன் மாமி, என்றேன். அன்று இரவுவரை இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். மிஞ்சிய லேபல்களை வீணாக்க மாமிக்கு மனம் வரவில்லை. உப்பு டின்னிலும் என் கணவரின் சோற்றுப் பெட்டியிலும் ஒட்டினார். இன்றைக்கும் அந்த மனுஷன் வேலைத்தலத்தில் "வறுத்த கறித்தூள், ஈரமற்ற இடத்தில் வைக்கவும்" என்று எழுதிய பெட்டியைத் திறந்துதான் சாப்பிடுகிறார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மடியில் பெட்டியோடு நாலந்தாவுக்குப் போனேன். முதலாளி ஒரு பக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், தேதியைப் படித்தார், எழுந்துபோய் முன் தட்டைத் தானே துடைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

வீட்டில் மாமி எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார். துஆவால் மெஷின் பிழைத்த கதை தெரு முழுக்கப் பரவியிருந்தது. மூன்றாம் வீட்டுப் பெண் தன் பழுதான பிளென்டரைத் துணியில் சுற்றி, நோயாளியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். மாமி அதைப் பெரிய மனதோடு வாங்கிக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். அவள் போனதும் பிளென்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"துஆவ நான் பாத்துக்குறேன் மகள். வயர நீங்க பாருங்க. பிரின்டருக்கும் அப்பிடித்தானே செஞ்சோம்" என்றார். பிரிஜ்ஜுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாடகத்துக்குப் போய்விட்டார்.

நான் ஸ்குரூ ட்ரைவரைத் தேட எழுந்தேன்.